காலேஜ் ஃபுட்பால் 25: நாலாவது டவுனில் வயிறு கலங்குகிறதா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை வைத்து வந்த இந்த வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸ், ஸ்டேடியம் பேண்டு வாத்தியம், 134 அணிகள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் நன்றாகவே இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. ஆட்டம் இழுபறியில் இருக்கும்போது கோச் எடுக்கிற துணிச்சலான, பல நேரம் கிறுக்குத்தனமாகத் தெரிகிற அந்த முடிவின் கனம் கன்ட்ரோலர் பிடித்திருக்கும் கைக்கு வருகிறதா? முக்கால்வாசி வருகிறது.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு (ஒவ்வொன்றுக்கும் பெயர் 'டவுன்'), மூன்றில் முடியவில்லை என்றால் நாலாவதில் பந்தைத் தூர உதைத்து (இதுதான் பன்ட்) எதிரணியைப் பின்னால் தள்ளலாம், கோல் கிட்டத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட்டுக்கு ஃபீல்டு கோல் அடிக்கலாம், இரண்டும் வேண்டாம் என்றால் மீதி தூரத்தைக் கடக்க மோதிப் பார்க்கலாம். மோதித் தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும்.

2023 அக்டோபர் 14, நிஜ ஆட்டம் ஒன்றில் ஓரிகன் கல்லூரி அணியின் கோச் டான் லானிங் இப்படித்தான் மோதினார். 33-29 என்று முன்னிலை, கடிகாரத்தில் சுமார் இரண்டு நிமிடம், நாலாவது டவுன், தேவை மூன்றே யார்டு, பந்து மைதானத்தின் நடுவை ஒட்டி, எதிரணியான வாஷிங்டனின் 47வது யார்டில். உதைத்திருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாஸ் கைக்குப் போகவில்லை, வாஷிங்டன் சட்டென்று டச் டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது) போட்டு 36-33 என்று முடித்தது. அன்று முழுக்கவே அவர் ஃபீல்டு கோலை விட்டு மோதிக்கொண்டிருந்தார் என்பதால் ஆளாளுக்குத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி முடிவு அவ்வளவு தப்பில்லை. மூன்று யார்டு கிடைத்திருந்தால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது, எதிரே நின்றதோ மைக்கேல் பெனிக்ஸ் மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), அவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நிற்க முடியாது.

சரி, கேமுக்கு வருவோம். இதே மாதிரி நிலைமையில் வெளியூர் ஸ்டேடியத்தில் மாட்டிக்கொண்டால் இந்த கேம் நன்றாகவே ஆட்டிவைக்கிறது. ரசிகர் சத்தம் ஏற ஏற திரை நடுங்குகிறது, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் ஓட வேண்டிய பாதைக் கோடுகள் புழு மாதிரி நெளிகின்றன, யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்று யூகித்துத்தான் பந்தை எறிய வேண்டியிருக்கும். விளையாட மிகக் கடினமான இடங்கள் என்று கேம் தயாரிப்பாளர்கள் போட்ட பட்டியலில் முதலிடம் டெக்சஸ் ஏ அண்ட் எம்-இன் கைல் ஃபீல்டுக்கு. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் இடம், அங்கே நாலாவது டவுனில் மூன்று யார்டு என்பது காகிதத்தில் மட்டும்தான் மூன்று யார்டு. 'அப்போ உதைத்துவிடலாமே' என்று ஒரு கணம் தோன்றும் பாருங்கள், அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதுதான் இந்த கேமின் பெரிய வெற்றி. ஃபீல்டு கோலும் சும்மா இல்லை, உதையின் பலத்தையும் குறியையும் திரையில் காட்டும் மீட்டர் பழகுகிற வரைக்கும் 'மூன்று பாயின்ட் நிச்சயம்' என்று நம்பி இறங்க முடியாது.

டச் டவுனுக்குப் பிறகு ஒரு பாயின்ட் உதையா, மூன்றாவது யார்டிலிருந்து இரண்டு பாயின்ட் முயற்சியா என்ற இடமும் அருமை. 1984இல் ஆரஞ்ச் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன் ஒரு பாயின்ட் உதைத்து ஆட்டத்தை டிரா செய்திருந்தால் தேசியப் பட்டம் ஏறக்குறைய அவர் கைக்கே வந்திருக்கும். அவர் இரண்டுக்குப் போய், மியாமியிடம் 31-30 என்று தோற்றார். இப்போது டிரா ஆனால் ஓவர்டைம் இருப்பதால் கணக்கு வேறு, ஆனாலும் கேமில் கடைசி நிமிடத்தில் அந்தத் தேர்வு வரும்போது விரல் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

பாக்கிக் கால்வாசி எங்கே போனது? தோற்ற பிறகு வரும் பழியில். ஒரு அணியைப் பல சீசன் நடத்துகிற டைனஸ்டி மோடில் நீங்கள்தான் கோச், வேலைக்கு ஆபத்து உண்டு, ஒப்பந்தத்துக்கான இலக்குகளும் உண்டு, ஆனால் அதெல்லாம் ஜெயித்தாயா, நல்ல பையன்களைச் சேர்த்தாயா என்ற கணக்கு. உதைக்க வேண்டிய இடத்தில் மோதித் தோற்றதும் ஒரு சாதாரணத் தோல்வியும் அதற்கு ஒன்றுதான். லானிங் வாங்கிய திட்டு நமக்கு விழாது. போதாததற்கு, தனியாக ஆடும்போது பிடிக்காத முடிவு வந்தால் கேமை மூடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வசதி கையில் இருக்கும்போது அது எப்படி ரிஸ்க் ஆகும்?

இதற்கு ஒரே மருந்து ஆன்லைன் டைனஸ்டி. 32 பேர் வரை ஒரே லீகில் சேரலாம். மூடிவிட்டு ஓடினால் மற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள், பன்ட் செய்யாமல் தோற்றால் நண்பர்கள் குரூப்பில் வாரக்கணக்கில் ஓட்டுவார்கள், கேம் தராத பழியை அவர்கள் தாராளமாகத் தருவார்கள். தனியாக ஆடுகிற ஆள் என்றால் குறைந்தபட்சம் கஷ்ட நிலையை இருப்பதிலேயே கடினமான ஹெய்ஸ்மனுக்கு ஏற்றிவிடுங்கள், அதற்குக் கீழே நாலாவது டவுன் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம்: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும்தான், கம்ப்யூட்டரில் கிடையாது. 2024 ஜூலையில் 69.99 டாலருக்கு வந்தது. இதில் வீரர்கள் நிஜம், கோச்சுகள் கற்பனை ஆட்கள். பெயர் தெரிந்த கோச்சின் இடத்தில் உட்கார்ந்து அவர் செய்ததைத் திருத்திப் பார்க்க ஆசை என்றால், நிஜக் கோச்சுகள் 300 பேருக்கு மேல் இருக்கிற, 2025இல் வந்த காலேஜ் ஃபுட்பால் 26ஐ வாங்குங்கள். எனக்குப் பெயர் முக்கியமில்லை, 25 போதும்.