வைரஸ் நிமோனியா ஆறிய பிறகு ஹெச்.ஆர்.சி.டி.: எடுக்கலாமா?

ஹெச்.ஆர்.சி.டி., அதாவது நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேன், நல்ல கருவிதான். ஆனால் அவசரப்பட்டு எடுத்தால் கதிர்வீச்சும் பயமும்தான் மிச்சம். கோவிட், இன்ஃப்ளூயன்ஸா நிமோனியா வந்து ஒரு மாதத்தில் எடுத்த படத்தில் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கல் இருக்கத்தான் செய்யும். அடர்ந்திருந்த திட்டு கரையும்போது வெளிறிக்கொண்டே பரப்பில் விரியும். அதைப் பார்த்து நோய் பரவுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். சுமார் 12 வாரம் கழித்தும் மூச்சிரைப்பு இருந்தாலோ, நடக்கும்போது ஆக்ஸிஜன் இறங்கினாலோ எடுங்கள். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் காத்திருக்கவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், மருந்து ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராமில்தான் தெரியும், சாதா ஹெச்.ஆர்.சி.டி.யில் சிக்காது.

ஸ்கேன் தரமானதா என்பது மெஷினைவிட டெக்னீஷியன் கையில்தான் இருக்கிறது. படுக்க வைத்ததும் மூச்சை முழுதாக இழுத்து அடக்க இரண்டு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். அரை மூச்சில் எடுத்தால் நுரையீரல் முழுக்கச் சாம்பல் பூத்து, இல்லாத நோயைக் காட்டும். கண்டுபிடிக்க ஒரு வழி: படத்தில் மூச்சுக்குழாயின் பின்சுவரைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் முழு மூச்சு. தட்டையாகவோ உள்நோக்கி வளைந்தோ இருந்தால் மூச்சு வெளியே போயிருக்கிறது.

மல்லாந்து படுப்பதாலேயே முதுகுப்பக்க அடியில் மங்கல் விழும். குப்புறப் படுக்க வைத்து எடுத்தால் அது மறைந்துவிடும், மறையாததுதான் நோய். மூச்சை விட்டபின் எடுக்கும் படத்தில் சில பகுதி மட்டும் கறுப்பாகவே நின்றால், சிறு காற்றுக்குழாய்களில் காற்று சிக்கியிருக்கிறது. இந்த இரண்டையும் கேட்டால்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள். ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு படத்தின் அடுக்குத் தடிமன், 1 முதல் 1.5 மி.மீ. இருக்கட்டும், 5 மி.மீ.யில் மெல்லிய கோடுகள் கலந்துபோகும்.

ரிப்போர்ட்தான் பெரிய தலைவலி. நாலு கோடு தெரிந்தாலே 'ஃபைப்ரோசிஸ்' (நுரையீரல் தழும்பு) என்று எழுதிவிடுகிறார்கள். மெல்லிய பட்டைகள் மட்டும் என்றால் மாதக்கணக்கில் மறையக்கூடியவை. காற்றுக்குழாய் இழுபட்டு விரிந்திருக்கிறதா, தேன்கூடு போல ஓட்டைகள் இருக்கின்றனவா, நுரையீரல் சுருங்கியிருக்கிறதா என்று ரிப்போர்ட் சொல்ல வேண்டும். பாதிப்பின் அளவை 25-க்கு இத்தனை என்று சொல்லும் ஸ்கோர் காய்ச்சல் நாட்களுக்கானது, இப்போது அதற்கு வேலையில்லை.

பழைய படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஃபிலிமில் பொறுக்கியெடுத்த படங்கள்தான் இருக்கும், ஒப்பிட அது போதாது. கூடவே, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் காற்று எவ்வளவு போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் செய்யுங்கள், படம் தேறியும் காற்று ரத்தத்துக்குள் போவது குறைவாகவே இருப்பவர்கள் உண்டு.