ஈ பார்க்க வாங்கிய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்: எட்டு மாத அனுபவம்

7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்டீரியோ ஜூம் மாடல். தக்கலையில் வீட்டு மாடியில் வைத்திருக்கிறேன். பேச்சிப்பாறைப் பக்கம் எடுத்த புழுக்களை வளர்த்தபோது, பல கூட்டுப்புழுக்களிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் டாக்கினிட் குடும்பத்து ஒட்டுண்ணி ஈக்கள் வந்தன. அதற்காகத்தான் வாங்கினேன்.

குடும்பம் வரை சொல்ல இது தாராளம். முதுகுக் கடைசித் தகட்டுக்கு அடியில் உப்பி நிற்கும் சின்ன மேடு 20 மடங்கிலேயே பளிச்சென்று தெரிகிறது. இனம் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஆல்கஹாலில் கிடந்த ஈயில் சாம்பல் நிறப் பொடிப்பூச்சு மறைந்து உடம்பெல்லாம் கறுத்துவிடுகிறது. ஓசூரிலிருந்து நண்பர் அனுப்பிய ஊசி ஈயில் (பட்டுப்புழுவைத் தாக்கும் டாக்கினிட், uzi fly), நெஞ்சின் மேல் இருக்க வேண்டிய நான்கு கறுப்புக் கோடுகளை ஈரத்தில் தேடித் தேடிக் கண் வலித்தது. உலரவைத்த பிறகுதான் தெரிந்தன.

உலர்ந்த ஈயில் வேறு தொல்லை, இனம் பிரிக்க எண்ண வேண்டிய முள்மயிர்கள் ஒடிந்து உதிர்ந்துவிடும். ஆனால் மயிர் இருந்த இடத்தில் நுண்ணிய குழி மிஞ்சும். பக்கவாட்டு விளக்கை நன்றாகத் தாழ்த்தினால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழுகிறது, எண்ணிவிடலாம். கொடுத்த காசு இதற்கே தகும்.

கூடவே வந்த வட்ட விளக்கு வேண்டாம், ஈர ஈயில் கண்ணைக் கூசும். இனத்தை உறுதிசெய்ய ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துப் பார்க்க 45 மடங்கு பத்தாது. காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப் தனியாக வேண்டும். ஐப்பசி மழையில் லென்ஸில் பூஞ்சை பிடித்தது. விற்ற கடையில் போனையே எடுக்கவில்லை. சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.