செவ்வாய்ப்பேட்டை பேரேடு: மர்ம நாவல் படிப்பவர்கள் வாங்க வேண்டிய நோட்டு

படித்த புத்தகங்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்க நல்ல நோட்டு எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வியாபாரிகளுக்காக விற்கிற இரண்டு குயர் பேரேடு. ஆன்லைனில் பூப்போட்ட அட்டையோடு 'ரீடிங் ஜர்னல்' என்று வருகிறதே, அதைச் சொல்லவில்லை. மண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும், முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கணக்கு நோட்டு. ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை எழுதித் தீர்த்துவிட்டு அடுத்ததற்கும் அதே கடைக்குத்தான் போனேன், அதனால் நம்பிச் சொல்கிறேன்.

கடை லீ பஜாரிலிருந்து நடக்கிற தூரத்தில், மூட்டை ஏற்றி இறக்கும் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தையலும் பைண்டிங்கும். நான் கேட்டது சாதாரண லாங் சைஸ் நோட்டு. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். "கதைப் புத்தகம் படிச்சா குறிப்பு எழுதி வைக்கறதுக்குங்கண்ணா" என்றேன். "தேதி வாரியா எழுதுவீங்களா, புத்தக வாரியாவா?" என்றார். தேதி வாரியாக என்றால் நாள்வழி போதும், ஒவ்வொரு கதைக்கும் தனிப் பக்கம் வேண்டும் என்றால் பேரேடுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, மேல் தட்டிலிருந்து இதை இறக்கிக் கொடுத்தார். வாசிப்புக் குறிப்பு பற்றி எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே உருப்படியானது இதுதான்.

ஏனென்றால் நம்மில் நிறைய பேர் ஒரு நேரத்தில் ஒரே புத்தகம் படிப்பதில்லை. நூலகத்தில் எடுத்த தடிமனான நாவல் கட்டில் பக்கத்தில் இருக்கும், பஸ்ஸுக்கு ஒரு மாத நாவல், நடுவில் வார இதழ்த் தொடர் ஒன்று. டைரி மாதிரி நாள்வாரியாக எழுதினால் இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும், பத்து நாள் கழித்து அந்தத் தொடரில் காணாமல் போன டிரைவரின் பெயர் என்ன என்று தேடினால் கிடைக்காது. அகதா கிறிஸ்டி விட்டுப்போன 73 நோட்டுப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் ஒரே நாவலின் குறிப்பு பல நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது, நடுவில் வீட்டுச் சாமான் பட்டியல்கூட வருகிறது. கதையே தன் தலைக்குள் இருக்கிற ஒருவருக்கு அது சரிப்படும். படிக்கிற நமக்குத் தேடினால் கிடைக்க வேண்டும். பேரேட்டில் ஒரு நாவலுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினால் அந்த நாவல் அங்கேயே இருக்கும்.

இப்போது நோட்டைப் பற்றி. குயர் என்பது 24 தாள். மடித்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் என்றால் 192 பக்கம். மிஷினில் எண் அடித்தே கொடுக்கிறார்கள், இதன் அருமை எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரியும், ஏனென்றால் 'இந்தத் துப்பறிவாளர் முன்னால் வந்த கதை பக்கம் 41 பார்க்க' என்று ஒரு நாவலிலிருந்து இன்னொன்றுக்குக் குறிப்பு போட முடிகிறது. பைண்டிங் நூல் தையல். பசை மட்டும் வைத்து ஒட்டிய நோட்டை விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், அழுத்தி விரித்தால் முதுகு பிளந்து தாள் கையோடு வரும். இது எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேஜையில் அப்படியே படுத்துக் கிடக்கிறது. இடது கையில் நாவலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறவர்களுக்கு இதுதான் முதல் தேவை. மைதாப் பசையில் மயில் துத்தம் கலந்துதான் ஒட்டுவார்களாம், பூச்சி அரிக்காமல் இருக்க. எனக்கு இதுவரை பூச்சித் தொல்லை வரவில்லை.

ஆனால் இதை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்குக் காரணம் தாளோ தையலோ கிடையாது. விரித்தால் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டிருக்கிறதே, அதுதான். மர்மக் கதை படிப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கோடு போட்டது போல இருக்கிறது.

நான் பயன்படுத்தும் முறை இது. படிக்கும்போது எழுகிற ஒவ்வொரு கேள்வியும் பற்றுப் பக்கம். தேதிக் கட்டத்தில் நாவலின் பக்க எண், விவரக் கட்டத்தில் கேள்வி. 'கதவு உள்ளே தாழ்ப்பாள், ஆனால் பால் பாக்கெட் சமையலறையில். யார் எடுத்து வைத்தது?' இப்படி ஒரு வரி. ரூபாய்க் கட்டத்தில் அத்தியாய எண். பைசாக் கட்டம் மிகச் சின்னது, ஓர் எழுத்துதான் பிடிக்கும், அதில் அந்த நேரத்தில் என் சந்தேகம் யார் மேலோ அவர் பெயரின் முதலெழுத்து. பதில் கிடைக்கும்போது அதே வரிக்கு நேராக வரவுப் பக்கத்தில் பதிலும் அது வந்த பக்க எண்ணும். கதை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த நாவல் கணக்கு நேராகிறது, எது பாக்கி வைத்துவிட்டு ஓடியது என்று கண் முன்னால் தெரியும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: அழிக்கக் கூடாது. கணக்கு எழுதுபவர்கள் தப்பு வந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள், சுரண்ட மாட்டார்கள். இங்கேயும் அதேதான். குற்றவாளி யாரென்று தெரிந்த நிமிடத்தில் மனசு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்ல ஆரம்பித்துவிடும், பேனாவில் எழுதிய அந்த ஓர் எழுத்து இல்லை என்று சொல்லும். பைசாக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் சு, சு, சு என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று மா ஆகியிருக்கும். அந்த இடத்து அத்தியாயத்தைத் திருப்பிப் படித்தால் எழுத்தாளர் எந்த வாக்கியத்தில் என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார் என்று பார்க்கலாம். துப்பறியும் கதையை இரண்டாம் முறை படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கட்டத்தைத்தான்.

ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் கொலை நடக்கிற மாத நாவல் ஒன்றுக்கு நான் எழுதிய பற்றுப் பக்கத்தைச் சொல்கிறேன். கதை நடப்பது மே மாதம், கோடை விழா கூட்டம். பிணத்தை முதலில் பார்ப்பது காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள். நம் மலையில் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து, மே மாதம் செடியில் பச்சைக் காய்தான் இருக்கும், ஆகவே முதல் கேள்வி அதுதான்: பெண்கள் பொய் சொல்கிறார்களா? அடுத்தது, சந்தேகத்துக்குரிய ஆள் ஒன்பது மணிக்குச் சேலம் ஜங்ஷனில், ஒன்பதே காலுக்குப் பங்களாவில். 30 கிலோமீட்டருக்குப் பக்கம், 20 கொண்டை ஊசி வளைவு, ராத்திரிப் பனி வேறு. எப்படி ஓட்டினாலும் ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது, இன்ஸ்பெக்டர் மலையடிவாரத்தில் வண்டிகளை மறித்துவிட்டு யாரும் தப்ப முடியாது என்கிறார், மலையிலிருந்து இறங்க இன்னொரு வழியான குப்பனூர் பாதையை யாருமே நினைக்கவில்லை.

வரவுப் பக்கம்: இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தது, பங்களாக் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதுக்கும் வந்தது, கொலைகாரர் போனது குப்பனூர் வழியாகத்தான், எழுத்தாளர் இந்த மலையை நன்றாகத் தெரிந்தவர் என்று அங்கே புரிந்தது, எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. காப்பிப் பழத்துக்கு மட்டும் கடைசி வரை பதில் இல்லை. பற்று அப்படியே நிற்கிறது. ஐந்தில் மூன்று நட்சத்திரம் என்று போட்டிருந்தால் இதில் ஒன்றுமே நினைவில் தங்கியிருக்காது.

நியாயமாக ஆடுகிற கதையா என்று பார்க்கவும் இந்தக் கோடுகள் உதவும். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் நாவல் எழுதியவர், பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் வாசகரிடம் மறைக்கப்படக் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. விதியை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் முதலில் வரும் பக்க எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். 96 பக்க நாவலில் 80-ஆம் பக்கத்தில் முதல்முறையாக ஒரு சித்தப்பா வந்து அவர்தான் கொலைகாரர் என்றால், வாசகருக்கு ஆட்டத்தில் இடமே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

கடையில் வாங்கும் அச்சடித்த ஜர்னல்களில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. தலைப்பு, ஆசிரியர், நட்சத்திரம், பிடித்த வரி, அவ்வளவுதான், கட்டங்களும் தமிழில் எழுதினால் பாதிச் சொல்லில் முடிந்துவிடுகின்றன. ஒரே இதழில் இரண்டு கதை வருவது, தொடராக வந்தபோது ஒரு தலைப்பும் புத்தகமாக வந்தபோது வேறு தலைப்பும் இருப்பது, இதெல்லாம் அவற்றைத் தயாரித்தவர்களுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

பேரேட்டின் முன்னால் அகராதி இலை, அதாவது எழுத்து வரிசையில் அட்டவணை எழுதுகிற தாள், கொஞ்சம் வைத்துத் தைக்கச் சொன்னால் செய்து தருகிறார்கள். கட்டாயம் கேளுங்கள். ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் தன் குறிப்பேட்டுக்கு ஒரு அட்டவணை முறை வைத்திருந்தார், ஆங்கிலத்தில் 1706-ல் அச்சானது: தலைப்புச் சொல்லின் முதலெழுத்து, அப்புறம் அதில் வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டைக் கொண்டு இரண்டே பக்கத்தில் முழு நோட்டுக்கும் அட்டவணை. தமிழில் நம் உயிர்மெய்யே இரண்டையும் சேர்த்துத் தந்துவிடுகிறது, கி என்றால் கி வரிசை, தீர்ந்தது. நான் தலைப்பை மட்டும் வைத்து அட்டவணை போடுவதில்லை. மாத நாவல் தலைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆறு மாதம் கழித்து எது எதுவென்று தெரியாது. தமிழில் துப்பறிபவர்கள் ஜோடியாகத்தானே வருகிறார்கள், கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேன்-வைஜெயந்தி, விவேக்-ரூபலா என்று, ஆகவே ஜோடிக்கு ஒரு வரிசை, செத்தவர் பெயருக்கு இன்னொரு வரிசை. செத்தவர் பெயரை வைத்துத் தேடினால் கதை உடனே ஞாபகம் வந்துவிடும்.

குறைகளும் உண்டு. கனம் முதல் குறை, நீளமும் சேர்ந்துகொள்வதால் சாதாரண தோள்பையில் நுழையாது, பஸ்ஸில் எடுத்துப் போகிற பொருளே இல்லை. வெளியே படிக்கும்போது துண்டுச் சீட்டில் எழுதி நாவலுக்குள் செருகிவிட்டு வீட்டில் வந்து பெயர்த்து எழுதுகிறேன். மைப் பேனா வைத்திருப்பவர்கள் கடையிலேயே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: மெல்லிய தாளில் மை பரவிப் பின்பக்கம் தெரிகிறது, கொஞ்சம் கனமான 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் பரவுவதில்லை. ஜெல் பேனா காயத் தாமதம், பால்பாயிண்டுக்கு எந்தத் தாளும் சரி.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கீழே சேலத்து வெயிலில் இந்த நோட்டு வருஷக்கணக்கில் கலங்காமல் இருக்கும், மேலே மழைக்காலப் பனியில் தாள் ஈரம் இழுத்து உப்பிக்கொள்கிறது, அட்டை வில்லாக வளைகிறது, முதுகுத் துணியில் பூஞ்சை வாசம் வருகிறது. சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மேலே இரண்டு கனமான புத்தகத்தை ஏற்றிப் படுக்க வைத்து, வெயில் வருகிற நாளில் விரித்துக் காற்றாட விட்டால் சமாளிக்கலாம்.

குடும்பக் கதை, வரலாற்று நாவல் மாதிரி பெரிய புத்தகங்களுக்குப் பற்று வரவு கோடு இடைஞ்சல்தான். அவற்றுக்கு அதே கடையில் அதே தையலில் சாதாரணக் கோடு போட்ட நோட்டு இருக்கிறது, அதில் வம்சாவளியைக் குறுக்கே வரைந்துகொள்ள இடம் தாராளம்.

விலை, அகராதி இலையோடு சேர்த்து எனக்கு 260 ரூபாய் ஆனது. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், ஆயுத பூஜை சமயம் இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள், புதுக்கணக்குக்காக வியாபாரிகள் கூட்டம் நெருக்கும், சொல்லித் தைக்கிற வேலையை அப்போது எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற நாட்களில் காலையில் கொடுத்தால் மறுநாள் கிடைக்கும். நோட்டைக் கையில் கொடுக்கும் முன் முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து 'லாபம்' என்று எழுதித் தரட்டுமா என்று கேட்பார்கள், சரி என்று சொல்லுங்கள். அப்படியே கிழிந்துபோன பழைய மாத நாவல்கள் இருந்தால் கட்டி எடுத்துப் போங்கள், ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்து அதே சிவப்புத் துணி முதுகோடு தைத்துக் கொடுக்கிறார்கள்.