எம்.ஜி.பி வாங்கப் போகிறீர்களா? பெயின்ற்றை விடுங்கள், கதவைப் பாருங்கள்

கொழும்பில் எம்.ஜி.பி விற்பவர் எடுத்த எடுப்பிலேயே "இது அபூர்வமான சாமான்" என்பார். பாதிதான் உண்மை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் 5 லட்சத்துக்கு மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார் இது. இங்கே கைமாறுபவை எப்போதோ வந்து சேர்ந்த சிலதான். ஆனால் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆகவே அபூர்வத்துக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு போவது பாடி வேலைக்கு.

இந்தக் காருக்குத் தனிச் செஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' (sill) என்ற தகட்டுப் பெட்டிதான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்று அடுக்கடுக்காக இருக்கும். முன்சக்கரம் அள்ளி வீசும் சேறு மட்கார்டின் பின்மூலையில் தங்கி, உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்றில் நின்ற கார் என்றால் கேட்கவே வேண்டாம். வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் புட்டி பூசிப் பெயின்ற் அடித்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும்.

கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். பிறகு கதவடிச் சில்லின் நடுவே ஜக் போடும் இடத்தில் மெதுவாகத் தூக்கி, மறுபடியும் பாருங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு இறுகினாலோ சில் முடிந்தது. ஜக் வைக்கவே விற்பவர் விடவில்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். சீற்றுக்குப் பின்னால், தரைக்கடியில் உள்ள பற்றரித் தட்டையும் ரோச் அடித்துப் பாருங்கள். 1974 வரை அங்கே இரண்டு 6 வோல்ட் பற்றரிகள். அசிட் கசிந்து தட்டு அரித்திருப்பது சாதாரணம்.

என்ஜின் இந்தக் காரில் பெரிய தலையிடி இல்லை. 1798 சிசி, இரட்டை எஸ்.யூ. காபரேற்றர். 1964 கடைசி வரை கிராங்குக்கு மூன்று பெயாரிங், பிறகு ஐந்து, ஐந்துதான் நீடிக்கும். என்ஜின் இலக்கம் 18ஜீ அல்லது 18ஜீஏ என்று தொடங்கினால் மூன்று, 18ஜீபியிலிருந்து ஐந்து. காலி வீதி நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடாக்கிய பிறகே ஒயில் பிரஷரைப் பாருங்கள்: ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஐட்லிங்கில் குறைந்தது 15 இருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் காட்டும் 70ஐ நம்பாதீர்கள். வெப்பமானி ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் ரேடியேற்றர் கோர் அடைப்பு. தெர்மோஸ்டாற் இந்த வெயிலுக்கு 74 பாகைதான் சரி.

ஓவர்ட்ரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் நாலாம் கியரில் சுவிட்சைப் போடுங்கள். 3000 சுற்று 2450 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பெரும்பாலும் வயர் அல்லது கியர்பொக்ஸ் சுவிட்ச். ஆனால் விலை பேசும்போது பழுதென்றே கணக்கிடுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆடினால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), நின்றால் சக்கரப் பெயாரிங். கம்பிச் சக்கரம் என்றால் ஹேண்ட்பிறேக்கைப் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் ஸ்ப்லைன், அதாவது சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் பற்கள், தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹப்பும் மாற்ற வேண்டும்.

விலை பேசும்போது, கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பாகத்தின் இங்கிலாந்து விலையோடு அனுப்பும் கூலி, சுங்கவரி, டிங்கரிங் கூலி எல்லாவற்றையும் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழியுங்கள். சில் அழுகிய கார் என்றால் என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், சில் நன்றாக இருந்து என்ஜின் புகைக்கும் காரைவிட அது மலிவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பத்திரம். செஸி, என்ஜின் இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். ஜப்பான் என்ஜின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அசல் நிறம் என்று கூடுதல் காசு கேட்டால், கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஹெரிட்டேஜ் சான்றிதழைக் கேளுங்கள்; செஸி இலக்கத்தை வைத்து, கட்டிய திகதியும் முதல் நிறமும் அதில் வரும். பெயர் மாற்றாத ஓப்பன் பேப்பர் காரை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.