காரின் கூரையில் கேனூ: நாள்பட்ட பயன்பாட்டில் ரூஃப் ரேக்

கேனூ என்ற துடுப்புப் படகை ஏற்ற, கார் கூரையில் மாட்டும் ரூஃப் ரேக்கை வாங்கும்போது எல்லோரும் அதன் குறுக்குக் கம்பியான பாரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் ஓட்டினாலும் அலுமினிய பாருக்கு ஒன்றும் ஆவதில்லை. இளகுவது அதைக் கூரையோடு பிடிக்கும் கால்களும், படகைக் கட்டும் பட்டையான ஸ்ட்ராப்பும்தான்.

கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் இருக்கும்; பல கார்களுக்கு 50 முதல் 75 கிலோ. ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம். 5 மீட்டர் கேனூ பெரும்பாலும் 20 முதல் 35 கிலோதான் என்பதால் எடை பெரிய தலைவலி இல்லை. இரண்டு பாருக்கும் இடைவெளி போதாததுதான் தலைவலி. 60 செ.மீ.க்குக் குறைந்தால் படகின் மூக்கு காற்றில் ஆடிக்கொண்டே வரும். 80, 90 கிடைத்தால் நிம்மதி.

கால் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரப்பருக்கு அடியில் சிக்கிய மணல், கொஞ்ச நாளில் பெயின்ட்டை அரைத்துவிடும். நான்கு கால்களையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றையே முழுதாக முடுக்கினால் பார் கோணிக்கொள்ளும். முதல் 50 கி.மீ. ஓடியதும் திரும்ப முடுக்கிப் பாருங்கள். ரப்பர் அமுங்குவதால் அரைச் சுற்று இளகியிருக்கலாம், அது பழுதல்ல.

கேனூவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஸ்ட்ராப் 25 மி.மீ. அகலம், கேம் பக்கிள் (கையால் இழுத்தால் பட்டையைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி), பாருக்கு ஒன்று. பலர் தப்பு செய்வது இங்கேதான்: ஸ்ட்ராப்பை பாரின் நுனியில் இறக்கிவிடுகிறார்கள். படகின் விளிம்புக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால், பக்கவாட்டுக் காற்று படகை அந்த ஒரு சாணும் தள்ளிவிடும். பிறகு ஸ்ட்ராப் தொளதொளத்துவிடும். விளிம்பை ஒட்டியே இறக்கி, பாரின் அடியில் நுழைத்து, மறுபக்கம் மேலேற்றுங்கள். கைப்பிடியை ஆட்டி முடுக்கும் ராட்செட் பக்கிள் வேண்டவே வேண்டாம். எவ்வளவு இறுகுகிறது என்று கைக்குத் தெரியாது, மர விளிம்பு விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். நைலான் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. ஓட்டும்போது 'உர்ர்' என்று இரைந்தால் ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் அடங்கும். வெயிலில் வெளுத்து நார் பிரிந்த ஸ்ட்ராப் குப்பைக்குத்தான்.

மூக்கிலிருந்து பானெட்டின் இரு பக்கத்துக்கும் இரண்டு கயிறு, பின்னால் இழுவைக் கொக்கிக்கு ஒன்று. இவற்றை வில் நாண் போல இழுத்தால் படகு வளையும். தொய்வு எடுத்தால் போதும். மிச்ச நுனியைக் கட்டாமல் விட்டால் டயருக்கு அடியில் போய், படகையே இழுத்துக் கீழே போட்டுவிடும். இந்த முன்கயிறு ஓட்டுநருக்கு நேர் எதிரிலேயே தெரியும். அது தொய்ந்தால் படகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓரங்கட்டுங்கள்.

இரும்பு பார் என்றால் நுனி மூடியை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் உறை பளபளவென்றிருக்கும், உள்ளே தண்ணீர் தேங்கித் துரு ஏறியிருக்கும்.