மழைமானியா, மண் ஈரப்பத சென்சாரா?

புல் காயும் முன்பே மந்தையைக் குறைப்பதா என்று முடிவெடுக்க உதவும் கருவி எது? கால்நடை வளர்ப்போர் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: மழைமானி மிக மலிவு. சென்சாருக்கு பேட்டரி, தரவு அனுப்பும் கருவி என்று கூடிக்கொண்டே போகும்.

பராமரிப்பு: மழைமானியில் இலையும் பறவை எச்சமும் அடைக்கும், துடைத்தால் போதும். சென்சார் கம்பியை எலி கடிக்கும், மாடு மிதிக்கும். சுற்றி வேலி கட்டாயம்.

தகவல்: விஷயமே இங்கேதான். மழைமானி விழுந்ததைச் சொல்லும், மண்ணில் இறங்கியதைச் சொல்லாது. இறுகிய தரையில் 30 மி.மீ. கொட்டினாலும் பெரும்பகுதி ஓடிவிடலாம். சென்சாரை 10, 20, 50 செ.மீ. ஆழங்களில் புதைத்தால் வேருக்கு எட்டும் நீர் தெரியும். ஆனால் எண்ணை அப்படியே நம்பக் கூடாது: 20 சதவீத ஈரம் மணலில் தாராளம், கனத்த களிமண்ணில் புல் வாடிவிடும். சென்சாரும் தன்னைச் சுற்றியுள்ள சில செ.மீ. மண்ணை மட்டுமே அளக்கும். (2015-இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்மேப் செயற்கைக்கோள் மண் ஈரத்தைப் பரந்து பார்க்கும், ஆனால் மேல் 5 செ.மீ. மட்டும்.)

நிலம் பரந்து, மண் பலவிதமாக இருந்தால் ஆங்காங்கே மழைமானிகள். ஒரே வகை மண், ஆழவேர்ப் புல் என்றால் சென்சார். காசு ஒன்றுக்குத்தான் என்றால் மழைமானியையே முதலில் வாங்கச் சொல்வேன்.