பெரிய கோயில் கட்டுரைக்கு எது சான்று?

தஞ்சைப் பெரிய கோயில் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கு விக்கிப்பீடியா உடனே கிடைக்கிறது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளை அச்சிட்டுத் தரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நூலின் இரண்டாம் தொகுதியைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

விக்கிப்பீடியா தொடங்குவதற்கு நல்லது. யாரும் திருத்தக்கூடிய பக்கம் என்பதால் சான்றாகக் காட்டப் போதாது. அதன் அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போகலாம்.

தொகுதியில் கல்லின் வாசகமே இருக்கிறது. ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்துக்கு, அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்துக்கு, செப்புக் குடம் கொடுத்ததைப் படிக்கலாம். கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராக எண்ணிப் பார்க்கலாம். எனக்கு இன்றும் சிலிர்க்கும் பகுதி அது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதைக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் கல்லில் இருப்பது அரசன் வெட்டுவித்த செய்தி, அவன் தரப்புப் பேச்சு. கட்டுரையில் அதையும் குறிப்பிட வேண்டும்.